பாட்டி சொல்லைத் தட்டு!

தோட்டத்துத் தக்காளியையும் பீன்ஸையும் கண்ணாடி ஜாடியில் அடைத்துப் பனிக்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடுவது அமெரிக்கக் குடும்பங்களின் பழைய பழக்கம். அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த இந்தக் கைவேலையில் கைப்பக்குவத்தை மட்டும் நம்பினால் ஆபத்து.

ஆகஸ்ட் மாதக் கடைசி. ஓஹையோ, இண்டியானா, அயோவா போன்ற அமெரிக்க மாநிலங்களில் கொல்லைப்புறத் தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துத் தள்ளுகின்றன. இரண்டு வாரம் பொறுத்தால் பழம் அழுகிவிடும். இரண்டு மாதம் பொறுத்தால் செடியே பனியில் கருகிவிடும். எனவே வீட்டில் ஒருவரும் சும்மா இருக்க முடியாது. பிள்ளைகள் கூடை கூடையாகப் பறித்து வருகிறார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பீன்ஸ் காம்பைக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். அடுப்படியில் ஆவி பறக்கிறது. தக்காளியை அரை நிமிடம் கொதிநீரில் போட்டு, எடுத்த கையோடு குளிர்ந்த நீரில் போட்டால் தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் வந்துவிடும். வீட்டிலுள்ள சிறுவர்கள் அடித்துக்கொண்டு செய்யும் வேலை இது.

பிறகு வருவது பெரியவர்கள் வேலை. சூடான ஜாடிகளில் பழத்தை நிரப்பி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளை ஒரு பட்டையான கரண்டியால் குத்தி வெளியேற்றி, ஜாடியின் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, தகர மூடி வைத்து, அதன்மேல் மரை வளையத்தைத் திருகி, கொதிக்கும் தண்ணீருக்குள் ஜாடியையே முழுக்க இறக்கிவிடுகிறார்கள். நசுக்கிய தக்காளி நிரம்பிய குவார்ட் ஜாடி ஒன்றுக்கு (சுமார் ஒரு லிட்டர்) 45 நிமிடக் கொதி. ஒரு ஈட்டுக்கு ஏழு ஜாடி. வெளியே எடுத்துத் துணி விரித்த மேஜைமீது வைத்தால், ஆற ஆற உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியின் நடுப்பகுதி 'டிங்' என்று உள்வாங்கும். அடுத்த அறையில் இருப்பவர்கள்கூட அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஏழு 'டிங்' கேட்டால் எல்லாம் சரி. ஆறுதான் கேட்டதென்றால் ஏழாவது ஜாடி குளிர்பெட்டிக்குப் போகும்; அல்லது அன்று இரவே சூப்பாகிவிடும்.

இந்த வேலைக்கு அங்கே 'கேனிங்' என்று பெயர். தகரக் கேன் எதுவும் இதில் இல்லை, எல்லாம் கண்ணாடிதான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சிக்கல் அந்த 'டிங்' சத்தத்தில் இருக்கிறது. வெளிக்காற்று உள்ளே போகாது என்றுதான் அது சொல்கிறது. உள்ளே இருந்ததெல்லாம் செத்துவிட்டது என்று அது சொல்வதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது 2015 ஏப்ரலில் ஓஹையோ மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் தெரிந்தது.

ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் ஒன்றில் ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்து. வந்தவர்கள் 77 பேர். இரண்டு நாளில் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். இமை தொங்கியது. பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. நாக்கு குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை. பாட்டுலிசம் என்னும் நச்சுணவு நோய் அது. மொத்தம் 29 பேர் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குச் செயற்கை சுவாசம் தேவைப்பட்டது, ஒரு பெண் இறந்துபோனார். விசாரணை ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு சாலட்டில் போய் முடிந்தது. வீட்டிலேயே ஜாடியில் அடைத்த உருளைக்கிழங்கு. அடைத்தவர் அதைக் கொதிநீரில் வேகவைத்திருந்தார். பிரஷர் கேனரில் வைக்கவில்லை.

அழுக்கான சமையலறையோ கெட்டுப்போன கிழங்கோ இதற்குக் காரணம் அல்ல. தக்காளிக்குச் சரியான முறையை உருளைக்கிழங்குக்கும் செய்ததுதான் தவறு.

குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் உலகெங்கும் மண்ணில் இருக்கிறது. காய்கறியோடு நம் வீட்டுக்குள்ளும் தினமும் வந்து போகிறது. காற்று இருக்கும் இடத்தில் அது சாது. வாழப் பிடிக்காத சூழ்நிலை வந்தால் கெட்டியான ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக்கொள்கிறது. அந்த வித்து 100 டிகிரி செல்சியஸ் கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. மற்ற நுண்ணுயிர்கள் எல்லாம் கொதியில் ஒழிந்துவிடுகின்றன. காற்று வெளியேறிவிடுகிறது. மூடி 'டிங்' என்று இறுகிவிடுகிறது. போட்டியில்லாத, காற்றில்லாத, ஈரமான ஒரு தனி வீடு வித்துக்குக் கிடைத்துவிடுகிறது. அலமாரியின் மிதமான சூட்டில் அது முளைத்து, பெருகி, நச்சைக் கக்குகிறது. மனிதன் அறிந்த நச்சுகளில் இதைவிடக் கொடியது இல்லை என்பார்கள். (இதே நச்சை அணுவளவாக நீர்க்கவைத்து, நெற்றிச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்கு போடாக்ஸ் என்று பெயர்.) ஜாடிக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். வாசனையிலும் மாற்றம் இல்லாமல் இருக்கலாம்.

இந்த வித்துக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அதற்குப் புளிப்பு ஆகாது. அமிலத்தை அளக்கும் பிஹெச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வித்து முளைக்காது. பீச், ஆப்பிள், பிளம் போன்ற பழங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் அவற்றுக்கு வெறும் கொதிநீர் போதும். வினிகரில் போட்ட வெள்ளரிக்கும் அப்படியே. பீன்ஸ், சோளம், பீட்ரூட், உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாம் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. அவற்றுக்கு 116 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் எவ்வளவு எரித்தாலும் 100ஐத் தாண்டாது. அழுத்தம் இருந்தால்தான் தாண்டும்.

தக்காளியோ கோட்டின்மீதே உட்கார்ந்திருக்கிறது. சில ரகங்கள் இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். அதிகம் கனிந்தால் புளிப்பு குறைந்துவிடும். எனவேதான் ஒவ்வொரு குவார்ட் ஜாடிக்கும் இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண்துறை. அதுவும் கடையில் புட்டியில் விற்கும் சாறு. தோட்டத்திலிருந்து பறித்த எலுமிச்சை எவ்வளவு புளிக்கும் என்று யார் கண்டது? புட்டிச் சாற்றின் புளிப்பு ஒரே சீராக இருக்கும்.

ஊறுகாய் போட்டே பழகிய இந்தியக் குடும்பங்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆந்திரத்து ஆவக்காயும் பஞ்சாபின் மாங்காய் அச்சாரும் எந்த அழுத்தமானியும் இல்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கின்றன. மாங்காயின் புளிப்பும் கைநிறையப் போடும் உப்பும் அதற்குக் காரணம். வற்றலில் ஈரமே இல்லை. ஜாமில் சர்க்கரை ஈரத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. நம் முறைகள் எல்லாம் காயை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. கேனிங்கின் ஆசை அதுவல்ல. பீன்ஸை பீன்ஸாகவே, மென்மையாக, உப்புக் கரிக்காமல், ஜனவரிவரை வைத்திருக்கப் பார்க்கிறது. நுண்ணுயிருக்குப் பிடித்ததும் அந்த நிலைதான். உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் குடும்பங்கள் தங்கள் தோட்டத்துப் பழங்களைக் கொண்டுவந்து சிறு கட்டணம் செலுத்திப் பதப்படுத்திக்கொள்ள அரசு மையங்கள் வந்தன. அங்கேயும் ஜாம், ஸ்குவாஷ், ஊறுகாய்தான் பிரதானம். நம் நாட்டில் வீட்டு கேனிங் வேர்பிடிக்காமல் போனதற்கு வருடம் முழுக்கக் காய் விளையும் சீதோஷ்ணமும் ஒரு காரணம்.

மேற்கில் தேவை வேறு மாதிரி இருந்தது. முதலில் தேவைப்பட்டது ராணுவத்துக்கு. நெப்போலியன் காலத்து பிரெஞ்சு மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர், ஷாம்பேன் புட்டிகளில் உணவை அடைத்துத் தக்கைபோட்டுக் கொதிக்கவைத்துப் பல வருடம் பரிசோதித்து, 1810ல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். உணவு ஏன் கெடவில்லை என்று அவருக்கும் தெரியாது, பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியாது. காரணத்தைச் சொன்ன லூயி பாஸ்டர் பிறந்ததே 1822ல்தான். தெரியாமலே செய்யும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஜான் லேண்டிஸ் மேசன். நியூயார்க்கில் தகர வேலை செய்த 26 வயது இளைஞர். கண்ணாடி ஜாடியின் கழுத்தில் மரை வைத்துத் திருகு மூடி போடலாம் என்று 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை வாங்கினார். அதற்குமுன் தக்கையும் உருக்கிய மெழுகும் வைத்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்கு மேசன் ஜாடி செய்தார்கள். இண்டியானாவின் மன்ஸி நகரில் தொழிற்சாலை வைத்த பால் சகோதரர்கள் ஐவர் அதில் பெரும் பணம் சேர்த்தார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகமே அவர்கள் பெயரில் இருக்கிறது. மேசன் 1902ல் வறுமையில் இறந்தார்.

1910ல் தெற்குக் கரோலினா மாநிலத்தில் மேரி சாமுவெல்லா குரோமர் என்ற கிராமப் பள்ளி ஆசிரியை சிறுமிகளுக்காகத் தக்காளி மன்றம் ஒன்றைத் தொடங்கினார். பையன்களுக்கு ஏற்கெனவே சோள மன்றம் இருந்தது. ஒவ்வொரு சிறுமியும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் தக்காளி பயிரிட வேண்டும், விளைந்ததை அடைத்து விற்க வேண்டும், பணம் அவளுக்கு. கிராமத்துப் பெண்பிள்ளைகள் பலர் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள முதன்முதலாகக் காசு பார்த்தது இந்த வழியில்தான். தெற்கு மாநிலங்களில் இது தீயாய்ப் பரவியது. இன்று அமெரிக்கா முழுக்க இருக்கும் 4-ஹெச் இளைஞர் இயக்கத்தின் வேர்களில் ஒன்று இந்தத் தக்காளி.

இரண்டாம் உலகப் போரில் அது தேசபக்தியாகவே ஆனது. தகரம் போர்முனைக்குப் போனது, டின் உணவுக்கு ரேஷன் வந்தது. 1943ல் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் முளைத்தன. தாயும் சிறுமியும் ஜாடிகளோடு நிற்கும் அரசுச் சுவரொட்டிகள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. ஜாம் செய்யச் சர்க்கரை தனியாகக் கிடைத்தது. பிரஷர் கேனர் வாங்க முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் பொது மையங்கள் திறந்தார்கள். அந்த ஆண்டு வீடுகளில் அடைக்கப்பட்டவை 400 கோடி ஜாடிக்கும் மேல் என்பது மதிப்பீடு.

அந்தச் சிறுமிகள்தான் பின்னாளில் பாட்டிகள் ஆனார்கள். குறிப்பு நோட்டு, தடித்த பெரிய பானை, 'இப்படித்தான் செய்வோம்' என்ற உறுதி ஆகியவற்றைப் பேத்திகளுக்குக் கொடுத்தார்கள். காய்கறிக்கு அழுத்தம் தேவை என்று வேளாண்துறை முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே சொல்லிவந்தது. ஆனால் பிரஷர் கேனருக்குப் பணம் வேண்டும். அது வெடித்த கதைகளும் ஊரில் உலவின. பலர் பீன்ஸைக் கொதிநீரிலேயே மூன்று மணிநேரம் போட்டு எடுத்தார்கள். சிலர் கொதிக்கக் கொதிக்க ஜாடியில் ஊற்றி மூடியதோடு சரி. அடுப்பின் அவனில் ஜாடியை வைத்தவர்களும் உண்டு.

பெரும்பாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. எல்லாக் காயிலும் வித்து போதிய அளவில் இருப்பதில்லை. இருந்த எல்லா ஜாடியிலும் முளைப்பதில்லை. இன்னொரு காரணம், பழைய சமையலறைகளில் ஜாடியைத் திறந்ததும் பீன்ஸை மறுபடி பத்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டுத்தான் பரிமாறினார்கள். வித்து சாகாவிட்டாலும் அது கக்கிய நச்சு கொதியில் அழிந்துவிடும். அந்த ஒரு வழக்கம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும். லங்காஸ்டர் விருந்தில் வைத்தது சாலட். கிழங்கை மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை.

'என் பாட்டி அறுபது வருடம் இப்படித்தான் செய்தாள், யாரும் சாகவில்லை' என்ற வாதத்தை மறுத்துப் பேசுவது எளிதல்ல. அதில் பாட்டியின் மானமும் அடங்கியிருக்கிறது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 1996 முதல் 2014 வரை அமெரிக்காவில் பதிவான உணவுவழி பாட்டுலிசச் சம்பவங்கள் 210. அவற்றில் 145 வீட்டில் தயாரித்த உணவால் வந்தவை. அந்த 145ல் 43க்குக் காரணம் வீட்டில் ஜாடியில் அடைத்த காய்கறி. பல லட்சம் வீடுகளில் நடக்கும் காரியத்துக்கு இது மிகச் சிறிய எண்தான். ஆனால் இந்த நோய் வந்தால் மேஜையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையே சேர்த்து வீழ்த்தும். தவிர்ப்பதோ இவ்வளவு எளிது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2000ல் தொடங்கிய வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையமும், மாவட்டந்தோறும் இருக்கும் வேளாண் விரிவாக்க அலுவலகங்களும் இந்த வாதத்தோடுதான் பல்லாண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன. சோதித்துப் பார்த்த செய்முறையை மட்டும் பின்பற்றுங்கள் என்பது அவர்கள் ஒரே மந்திரம். பீன்ஸ் குவார்ட் ஜாடிக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் 25 நிமிடம். முழுச் சோள மணிக்கு 85 நிமிடம். வெப்பம் ஜாடியின் நடுமையத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தை ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக அளந்து எழுதிய எண்கள் இவை. தோராயக் கணக்கு அல்ல. மலைப்பகுதியில் அழுத்தத்தை ஏற்ற வேண்டும், ஏனெனில் கொலராடோவின் டென்வரில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். முள் காட்டும் அழுத்தமானியை ஆண்டுக்கொரு முறை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தால் சரிபார்த்துத் தருகிறார்கள்.

இங்கே இந்திய வாசகர்களுக்குக் கை பரபரக்கலாம். நம் வீட்டு பிரஷர் குக்கர் 15 பவுண்டு அழுத்தத்தில்தானே விசில் அடிக்கிறது? அதே 121 டிகிரிதானே? உண்மைதான். இருந்தும் அதில் ஜாடி அடைக்கக் கூடாது என்கிறது வேளாண்துறை. சிறிய குக்கர் வேகமாகச் சூடேறி வேகமாக ஆறிவிடும். செய்முறையில் சொன்ன நிமிடங்களோடு, பெரிய பாத்திரம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் நேரமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது. குறைந்தது நான்கு குவார்ட் ஜாடி நிற்கும் கேனராக இருக்க வேண்டும். விசிலை எண்ணிச் சமைப்பது சாம்பாருக்குச் சரி.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சிக்கல் புதியதல்ல. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கொல்லைத் தக்காளி காய்த்துக் குலுங்கும்போது முதலில் நினைவுக்கு வருவது தொக்கு. அதை மேசன் ஜாடியில் அடைத்து இறுக மூடி அலமாரியில் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. தொக்கில் எண்ணெய் இருக்கிறது, பல வீடுகளில் பூண்டும் இருக்கிறது. எண்ணெய் வெப்பம் பரவும் விதத்தை மாற்றும், நுண்ணுயிருக்குப் போர்வையாகவும் ஆகும். 1985ல் கனடாவின் வான்கூவரில் 36 பேரைப் பாட்டுலிசத்தில் வீழ்த்தியது எண்ணெயில் ஊறிய பூண்டு. தேசிய மையத்தின் செய்முறைகளில் நம் தொக்குக்கு இடமில்லை. உறைபெட்டி இருக்கிறதே, அதில் வைத்துவிடுவது உத்தமம்.

உறைபெட்டியும் சூப்பர் மார்க்கெட்டும் வந்தபிறகும் யார் இதற்காக வியர்வை சிந்துகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆமிஷ் சமூகத்தாருக்கு இது வாழ்க்கை. வீட்டில் மின் இணைப்பு வைத்துக்கொள்ளாத அந்த விவசாயக் குடும்பங்களில் நிலவறை அலமாரி முழுக்க நூற்றுக்கணக்கில் ஜாடிகள் நிற்கும். மற்றவர்களுக்குக் காலம் தூண்டுகிறது. விலைவாசி ஏறிய 1975ல் எல்லோரும் தோட்டம் போட்டார்கள். ஜாடி மூடிக்குப் பஞ்சம் வந்து நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. கொரோனா வந்த 2020ல் அதே கதை. விதைப் பொட்டலங்களும் தீர்ந்தன, மூடிகளும் தீர்ந்தன. ஜாடியையும் வளையத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், தகர மூடியை மட்டும் ஒரே ஒரு முறைதான். புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலர் தொலைபேசித் திரையில் பார்த்த வீடியோவை நம்பி இறங்கினார்கள். விரிவாக்க அலுவலர்களுக்குப் பாட்டி போதாதென்று இன்னொரு தலைவலி.

பணம் மிச்சமா என்றால், கேனரும் ஜாடிகளும் வாங்கிய முதல் வருடம் நிச்சயமாக இல்லை. கடையில் தக்காளி டின் மலிவு. ஆனால் ஒரு வேலையைச் சுற்றி மூன்று தலைமுறையும் ஒரே அறையில் எட்டு மணிநேரம் இருப்பது இந்தக் காலத்தில் வேறு எதற்கு நடக்கிறது? பேத்தி பாட்டியிடம் எப்படித் தோலுரிப்பது என்று கேட்கிறாள். எத்தனை நிமிடம் வைப்பது என்பதற்கு மட்டும் சுவரில் ஒட்டியிருக்கும் வேளாண்துறை அட்டவணையைப் பார்க்கிறாள். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில வீடுகளில் அவளே அட்டவணையைப் படித்துக் காட்டுகிறாள்.

கோடை முடியும் தறுவாயில் கவுண்டி கண்காட்சிகள் நடக்கும். பசு, பன்றி, பூசணிக்காயோடு ஜாடிகளுக்கும் நீல ரிப்பன் பரிசு உண்டு. ஒரே அளவாக நறுக்கிய பீன்ஸ் செங்குத்தாக நிற்கிறதா, நீர் தெளிவாக இருக்கிறதா, மேலே விட்ட இடம் சரியா, மூடி இறுகியிருக்கிறதா என்று நடுவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள். எந்த முறையில், எத்தனை பவுண்டு அழுத்தத்தில், எத்தனை நிமிடம் என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். ஜாம் என்றால் திறந்து ருசி பார்ப்பார்கள். பீன்ஸ் ஜாடியைப் பெரும்பாலான கண்காட்சிகளில் எந்த நடுவரும் திறப்பதில்லை.